தென்னாப்பிரிக்காவின் டிராகன்ஸ்பெர்க் மலை உச்சியில் பாக்கெட் சாப்பாடு: வாசகர் கேள்விகள்

கே: பாக்கெட் சாப்பாட்டை டர்பன் வீட்டில் செய்து பார்த்தபோது பத்தே நிமிடத்தில் சோறு மலர்ந்தது. சென்டினல் மலைப்பாதை வழியாக ஏறி மேலே முகாமிட்ட இரவில் அரிசி நறுக்நறுக்கென்று இருந்தது. தண்ணீரை இன்னும் கொதிக்க விட்டிருக்க வேண்டுமா ஐயா? (சாட்ஸ்வொர்த்)

ப: வேண்டாம். எத்தனை தடவை எழுதுவது! டர்பனில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர் 3000 மீட்டரில் 90 டிகிரியிலேயே கொதித்துவிடும். அரை மணி நேரம் தளதளவென்று கொதிக்க விட்டாலும் அதற்கு மேல் சூடேறாது, கேஸ்தான் தீரும். பாக்கெட்டில் இருக்கும் உறையவைத்து உலர்த்திய உணவு ஏற்கெனவே வெந்ததுதான். உள்ளே தண்ணீர் இறங்க நேரம் கொடுத்தால் போதும். பாக்கெட்டில் 10 நிமிடம் என்றிருந்தால் மேலே 20 நிமிடம் வையுங்கள். தண்ணீர் அளவைக் கூட்டாதீர்கள், கஞ்சியாகிவிடும். ஊற்றியதும் அடிமூலை வரை கிளறி, வாயை இறுக மூடி, கம்பளிச் சட்டையில் சுற்றி வையுங்கள். ஜூலைக் குளிர்காலக் காற்றில் வெறும் பாக்கெட் சீக்கிரம் ஆறிவிடும், ஆறிய தண்ணீரில் அரிசி லேசில் ஊறாது. ‘ஆச்சா’ என்று நடுவில் திறந்து பார்ப்பவர்கள்தான் எனக்கு அதிகம் கடிதம் எழுதுகிறார்கள். மூடி வையுங்கள், பொறுங்கள்.

கே: துவரம்பருப்பு கொண்டுபோனோம். வேகவே இல்லை. (ஃபீனிக்ஸ்)

ப: 90 டிகிரியில் லேசில் வேகாது. பிரஷர் குக்கரைச் சுமக்க மனமில்லை என்றால் வீட்டிலேயே வேகவைத்து, உலர்த்திக் கொண்டுபோங்கள். டிராகன்ஸ்பெர்க் பூங்காவில் விறகுத் தீ மூட்டத் தடை, அந்த யோசனையும் வேண்டாம்.

கே: காலையில் கேஸ் அடுப்பு சரியாக எரியவில்லை. ஏன்?

ப: குப்பியில் என்ன வாயு என்று எழுதினால்தானே சொல்ல முடியும்? வெறும் பியூட்டேன் என்றால் உறைபனிக் குளிரில் ஆவியாகாது. ஐசோபியூட்டேனும் புரோப்பேனும் கலந்தது வாங்குங்கள். இரவில் குப்பியைத் தூங்கும் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

கே: காற்று பலமாக அடித்தால் கூடாரத்துக்குள் சமைக்கலாமா? (டோங்காட்)

ப: கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். வெளியே பாறை மறைவில் சமையுங்கள். அடுப்பைச் சுற்றித் தடுப்பு வைத்தால் கேஸ் குப்பி சூடேறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கே: ஓடைத் தண்ணீரை நேராகப் பாக்கெட்டில் ஊற்றலாமா?

ப: 2000 மீட்டருக்கு மேல் 3 நிமிடம் கொதிக்கவிட்டு ஊற்றுங்கள். இந்த 3 நிமிடம் கிருமிக்காக, அரிசிக்காக அல்ல. அப்புறம் மூடி வையுங்கள், பொறுங்கள்.

கே: பாக்கெட்டுக்குள் இருக்கும் குட்டிப் பொட்டலம் மசாலாவா?

ப: இல்லை, ஆக்சிஜன் உறிஞ்சி. எடுத்துவிட்டுத்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும். பொட்டலத்தையும் காலி பாக்கெட்டையும் மலையில் போடாமல் கீழே கொண்டுவாருங்கள்.