620 அடியிலும் புகைதான் வருகிறது: இன்னும் ஆழம் போகலாமா?

கேள்வி: பல்லடம் அருகே புது வீட்டுக்கு போர் (ஆழ்துளைக் கிணறு) போடுகிறோம். 620 அடி வரை தண்ணீர் இல்லை, பாறைத் தூள்தான் புகையாக வருகிறது. ஆயிரம் அடி போனால் கட்டாயம் தண்ணீர் உண்டு என்கிறார் ஏஜென்ட். வண்டி காத்திருக்கிறது. என்ன செய்வது?

பதில்: நிறுத்திவிடுங்கள். உங்கள் பகுதியில் தண்ணீர் பாறை வெடிப்புகளில்தான் ஓடுகிறது. ஆழம் கூடக் கூட அந்த வெடிப்புகள் பொதுவாகக் குறுகி, அரிதாகிவிடும். அடிக்கூலியோ முதல் 300 அடிக்குப் பிறகு நூறு அடிக்கு ஒருமுறை ஏறும். தண்ணீர் வராவிட்டாலும் ஏஜென்ட்டின் கமிஷன் நிற்காது; "கட்டாயம்" என்பதை பில்லில் எழுதித் தரச் சொல்லிப் பாருங்கள். பக்கத்துத் தோட்டத்தில் 900 அடியில் இரண்டு இஞ்ச் தண்ணீர் கிடைத்தது என்பார். அது போர் போட்ட அன்றைய கணக்கு. இன்று அங்கே மோட்டார் எத்தனை நிமிடம் ஓடுகிறது என்று தோட்டக்காரரிடமே கேளுங்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. கடைசியாக வெளிவந்த துகளைக் கையில் அள்ளிப் பாருங்கள். சாம்பல் நிற மாவாக உதிர்ந்தால் அது வெடிப்பில்லாத பாறை. ஈரமாகிப் பிசுபிசுத்தாலோ, துருவேறியது போன்ற பழுப்புச் சில்லுகள் கலந்து வந்தாலோ, துளையிடும் கம்பி சட்டென்று இறங்கினாலோ வெடிப்பு தட்டியிருக்கலாம். அப்போது மட்டும் இன்னும் 50 அடி போகலாம். அந்த ஈரமும் கேசிங் பைப் (மேல்மண் சரியாமல் இருக்க இறக்கும் குழாய்) பாறையில் சரியாக உட்காராததால் மேலிருந்து கசிவதாக இருக்கலாம் என்பதால், ஓட்டுவதை நிறுத்திச் சிறிது நேரம் காற்றை மட்டும் அடிக்கச் சொல்லி, ஈரம் தொடர்கிறதா என்று பார்த்த பிறகே முடிவெடுங்கள். ஈரம் தொடராவிட்டால் ஓர் அடிகூட வேண்டாம்.

இனிமேல்தான் பெரிய பொறி. "போர் ஃபெயிலாகிவிட்டது, பைப்பையாவது உருவிக் காசாக்கலாம்" என்பார்கள். உருவினால் மேல்மண் சரிந்து, துளையின் வாய் குழந்தை விழும் அளவுக்கு அகன்றுவிடும். கைவிட்ட துளையை அடியிலிருந்து தரைமட்டம் வரை நிரப்ப வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே உத்தரவிட்டது. 2019-இல் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் குழந்தை பலியானது அதற்குப் பிறகுதான். அனுமதிக் கடிதத்துக்கு மூன்று மேசைகளுக்கு அலையவிடும் அலுவலகங்கள், துளையை மூடினீர்களா என்று பார்க்க மட்டும் ஆளை அனுப்புவதில்லை. வாயில் சாக்கைத் திணித்துக் கல்லை வைப்பது மூடியதாகாது. உங்கள் வாசலில் குவிந்திருக்கும் பாறைத் துகளையே உள்ளே தள்ளலாம், அதற்கு அந்த உத்தரவும் இடம் தருகிறது; போதாததற்கு மண்ணையும் சரளையையும் கொட்டுங்கள். துளை நிரம்பும்வரை மீதிக் கூலியைத் தராதீர்கள்.