ஒரே அனலொக் முனையில் ஐந்து ஆளிகள்: தவறான ஆளி ஏன் பதிவாகிறது?

ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு நுண்கட்டுப்படுத்திப் பலகையின் ஏ0 முனையில் (வோல்ற்றளவை எண்ணாக வாசிக்கும் அனலொக் முனை) ஐந்து ஆளிகள் வைத்திருக்கிறீர்கள், மேலிழுப்புக்கு (ஆளி அழுத்தாதபோது முனையை 5 வோல்ற்றில் பிடித்துவைக்க) சிப்பின் உள்தடையியே போதும் என்று விட்டிருக்கிறீர்கள், நான்காவதை அழுத்தினால் இடைக்கிடை மூன்றாவது பதிவாகிறது. முதல் பிழை அந்த உள்தடையிதான். அது சிப்புக்குச் சிப் 20 முதல் 50 கிலோ ஓம் வரை மாறும். அதை நிறுத்திவிட்டு 5 வோல்ற்றிலிருந்து ஏ0க்கு வெளியே 2 கிலோ ஓம் போடுங்கள்.

பிறகு ஏ0 இலிருந்து 330 ஓம், 620 ஓம், 1 கிலோ ஓம், 3.3 கிலோ ஓம் என்று ஏணிபோலத் தொடராக இணையுங்கள். முதல் ஆளி ஏ0 இலிருந்து நேரே கிரவுண்டுக்கு (0 வோல்ற்). மற்ற நான்கும் ஒவ்வொரு தடையியின் மறுமுனையிலிருந்து. வாசிப்பு (0 வோல்ற்றுக்கு 0, 5 வோல்ற்றுக்கு 1023 என்ற அளவில்) 0, 145, 329, 505, 741 என வரும். ஒன்றையும் அழுத்தாவிட்டால் 1023. அடுத்தடுத்த வாசிப்புகளை நடுவில் பிரிக்கும் எல்லைகள் 72, 237, 417, 623, 882. கொழும்புப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் 620 கிடைக்காவிட்டால் 680 வாங்குங்கள். வாசிப்பு 343, 513, 743 என நகர்ந்தாலும் அதே எல்லைகளுக்குள்தான் நிற்கும்.

வாசிப்பை ஒருபோதும் '0க்குச் சமமா' என்று ஒப்பிடாதீர்கள். வெள்ளவத்தைக் கடற்கரைப் பக்க வீடுகளில் உப்புக்காற்றுப் பட்டு ஆளியின் தொடுகை கறுக்கும். அங்கே 50 ஓம் கூடினாலே முதல் ஆளி 25 காட்டும்.

இனி, பலர் கவனிக்காத இடம். துள்ளலை (அழுத்தும்போதும் விடும்போதும் தொடுகை பலமுறை பட்டு விலகுவதை) அடக்க ஏ0க்கும் கிரவுண்டுக்கும் இடையே 100 நனோபரட் கொள்ளளவி போடுவார்கள். அதோடு மட்டும் விட்டால் குழப்பம் கூடும்: முதல் ஆளியை விட்டதும் வோல்ற்றளவு 0 இலிருந்து மெல்ல ஏறும், வழியில் மற்ற ஆளிகளின் எல்லைகள் எல்லாவற்றையும் கடக்கும். 2 கிலோ ஓமுடன் நேரமாறிலி (அந்த ஏற்றம் எவ்வளவு மெதுவானது என்பதன் அளவு) 200 மைக்ரோசெக்கன். அந்த இடைவெளியில் வாசித்தால் யாரும் தொடாத மூன்றாவது ஆளி பதிவாகும். 10 மில்லிசெக்கன் இடைவெளியில் மூன்று வாசிப்பும் ஒரே எல்லைக்குள் விழுந்தால் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

இரண்டை ஒன்றாக அழுத்தினால் இந்த ஏணியில் ஏ0க்குக் கிட்டவுள்ளது மட்டுமே தெரியும். இரண்டும் தெரிய வேண்டுமென்றால் 10 கிலோ ஓம் மேலிழுப்போடு, நான்கு ஆளிகளை 10, 20, 40, 80 கிலோ ஓம் வழியாகத் தனித்தனியே கிரவுண்டுக்கு விடுங்கள். நான்குக்கு மேல் போகாதீர்கள். நான்கும் அழுத்தியபோது 356, 80 கிலோ ஓம் ஆளியிலிருந்து மட்டும் கையை எடுத்தால் 372. வித்தியாசம் வெறும் 16. பொன்வரி போட்ட 5% தடையிகளில் அது கரைந்துபோகும். நீல உடலில் கடைசி வரி மண்ணிறமாக உள்ள 1% தடையிகளையே கேட்டு வாங்குங்கள்.