"எத்தனை கிராம்?" என்று கேட்காத வழிகாட்டியை எங்கே தேடுவது?

கேள்வி: எனக்கு 26 வயது. கோவையில் அப்பா நகைப் பட்டறை வைத்திருக்கிறார். நான் சென்னையில் அணிகலன் வடிவமைப்பு படித்துவிட்டு ஊருக்குத் திரும்பிவிட்டேன். வெள்ளி, தேங்காய் ஓடு, கிழிந்த பட்டுச் சேலைகளின் ஜரிகை இவற்றை வைத்து ப்ரூச்சும் (ஆடையில் குத்திக்கொள்ளும் ஊசி நகை) கழுத்தணியும் செய்கிறேன். பார்க்கிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது "எத்தனை கிராம்?" என்பதுதான். அப்பாவுக்கும் நான் செய்வது விளையாட்டாகத் தெரிகிறது. இன்ஸ்டாகிராமில் ஒருவர் மூன்று மாத 'மென்டரிங்'குக்கு 60,000 ரூபாய் கேட்கிறார். சேரலாமா? இல்லை, கடன் வாங்கியாவது வெளிநாட்டில் எம்.ஏ. படிக்கலாமா? எனக்கு ஒரு குரு கிடைத்தால் போதும் என்று தோன்றுகிறது.
– வாசகி, கோவை

பதில்:

முதலில் அந்த 60,000 ரூபாய். இப்போதைக்குக் கொடுக்க வேண்டாம். அனுபவம் உள்ளவர் தன் நேரத்துக்குப் பணம் கேட்பதில் தவறே இல்லை. ஆனால் எதற்காகக் கேட்கிறார் என்பது உங்கள் கடிதத்தில் எங்குமே இல்லை. இதற்கு முன் அவரிடம் கற்றவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள், அவர்களோடு நீங்கள் பேசலாமா, மூன்று மாதத்தில் உங்கள் வேலையை மட்டும் பார்க்க எத்தனை மணி நேரம் ஒதுக்குவார், முடிவில் என்ன உருவாகியிருக்கும் என்று எழுத்தில் கேளுங்கள். "தன்னம்பிக்கை", "பிராண்டிங்" என்று பொதுவாகப் பதில் வந்தால் விட்டுவிடுங்கள். அந்தப் பணத்தில் வெள்ளி வாங்கலாம், செய்தவற்றை நல்ல போட்டோகிராபரை வைத்துப் படமும் எடுக்கலாம்.

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது "ஒரு குரு கிடைத்தால் போதும்" என்ற வரி. ஒருவர் வந்து கையைப் பிடித்து அழைத்துப்போவார் என்று காத்திருந்தே வேலையை நிறுத்திவிட்ட திறமைசாலிப் பிள்ளைகளை எனக்குத் தெரியும். வழிகாட்டுதல் எப்படி நடந்தால் பலன் தரும் என்பதற்கு நியூசிலாந்தில் ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது.

அங்கே பீட்டர் டெக்கர்ஸ் என்ற நகைக் கலைஞர் 2011-இல் 'ஹேண்ட்ஷேக்' என்ற திட்டத்தைத் தொடங்கினார். அவர் கல்லூரியில் நகைக் கலை கற்பித்தவர். படிப்பு முடிந்ததும் "அடுத்து என்ன செய்கிறாய்?" என்று கேட்க ஆளில்லாமல் போகிறது; பட்டறையும் கையை விட்டுப் போகிறது. அந்த இடைவெளிக்காகவே வந்த திட்டம் இது. இதில் சேரும் இளம் கலைஞர், உலகத்தில் எங்கே இருந்தாலும் சரி, தான் மதிக்கும் ஒரு கலைஞரைத் தானே வழிகாட்டியாகத் தேர்ந்தெடுக்கிறார். பேச்செல்லாம் பெரும்பாலும் மின்னஞ்சலிலும் இணைய அழைப்பிலும்தான். வழியில் வரிசையாகக் கண்காட்சிகள் வரும். ஒவ்வொன்றுக்கும் புதிய வேலை வைத்தாக வேண்டும்.

இந்தக் கண்காட்சித் தேதிகளைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். தேதி இல்லாத வழிகாட்டுதல் இரண்டாவது மாதத்திலேயே நலம் விசாரிப்பாகிவிடும். தேதி இருந்தால் பேச்சு தானாகவே வேலையைப் பற்றியதாகிறது: இந்தக் கம்பி ஏன் இங்கே வளைகிறது, இந்த ஆறில் எந்த இரண்டை எடுத்துவிடலாம்.

இதை யாராவது கோவையில் அமைத்துத் தரட்டும் என்று காத்திருக்காதீர்கள். உங்களோடு படித்தவர்களில் இன்னும் கை ஓயாத இரண்டு பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் தள்ளி ஒரு தேதி, ஒரு சின்ன இடம் பிடியுங்கள். கைத்தறிக் கடையின் ஒரு மூலையோ, ஒரு காபிக் கடையின் சுவரோ போதும். அந்தத் தேதியை வைத்துக்கொண்டு வழிகாட்டியைத் தேடுங்கள்.

அதிலும் ஒரே ஆளிடம் எல்லாம் கிடைக்காது. கைக்கு ஒருவர், கண்ணுக்கு ஒருவர், கணக்குக்கு ஒருவர் வேண்டும்.

கைக்கு ஆள் உங்கள் வீட்டிலேயே இருக்கிறார். கம்பி இழுப்பது, தகடு தட்டுவது, ஒரே நகையில் இரண்டாவது இடத்தில் பொடி வைத்து ஊதிப் பற்றவைக்கும்போது முதலில் பற்றவைத்தது இளகாமல் காப்பது, கீல், திருகு, கொக்கி – இதெல்லாம் கல்லூரியில் ஒரு பருவத்தில் தொட்டுவிட்டுப் போகிற விஷயங்கள். உங்கள் அப்பாவின் விரலில் பல வருஷமாக இருக்கிறது. உங்கள் பொருள்களை யோசித்துப் பாருங்கள். ஜரிகைக்குள் பட்டு இழை இருக்கிறது, தேங்காய் ஓடு கருகும். இரண்டின் பக்கத்திலும் நெருப்பைக் கொண்டுபோக முடியாது. அப்படியானால் ஊதாமல் இணைக்க வேண்டும்: ரிவெட் அடிக்கலாம், கல் கட்டுகிற மாதிரி நகம் மடக்கிப் பிடிக்கலாம், தைக்கலாம். "அப்பா, நான் செய்வது கலை" என்று விளக்கப் போகாதீர்கள். தேங்காய் ஓட்டையும் வெள்ளித் தகட்டையும் அவர் மேசையில் வைத்து, "சூடு படாமல் இதை எப்படிப் பிடிக்க வைப்பது?" என்று கேளுங்கள். எந்தப் பத்தரும் அந்தக் கேள்வியை விளையாட்டு என்று ஒதுக்க மாட்டார்.

கண்ணுக்கு வேண்டிய ஆள் வேறு. "எத்தனை கிராம்?" என்ற கேள்வி உங்களைக் காயப்படுத்துகிறது. எடைதான் மதிப்பு என்று பழகிய ஊரில் அது இயல்பான கேள்வி. நகையைக் கலையாகச் செய்யும் இந்தத் துறையே அந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டித்தான் வளர்ந்தது. நெதர்லாந்தின் ஹெய்ஸ் பாக்கர் 1973-இல் 'நிழல் நகை' செய்தார். மெல்லிய தங்கக் கம்பியை உடம்பில் இறுக்கிக் கட்டி அவிழ்த்துவிடுவார். தோலில் பதிந்த தடம்தான் நகை. சுவிஸ் கலைஞர் ஓட்டோ கூன்ட்ஸ்லி 1980-இல் ஒரு தங்க உருண்டையைக் கறுப்பு ரப்பர் குழாய்க்குள் ஒளித்து வளையலாக்கினார். 'தங்கம் கண்ணை மறைக்கும்' என்பதுதான் அதன் பெயர். உள்ளே தங்கம் இருக்கிறது என்பதை அணிகிறவர் நம்பத்தான் வேண்டும். நம் பாட்டிமார் காதில் தொங்கிய பாம்படத்தையும் தண்டட்டியையும் மறுபடி பாருங்கள். உள்ளே அரக்கு, மேலே மெல்லிய தங்கத் தகடு. உருண்டையும் கட்டமும் கூம்பும் சேர்ந்த அந்த வடிவத் துணிச்சல் இன்றைக்கும் எந்தக் கண்காட்சியிலும் தனித்து நிற்கும். இந்த மரபைப் பற்றி உங்களோடு வாதம் செய்யக்கூடிய ஒருவர்தான் உங்கள் கண்ணுக்கு வழிகாட்டி. அவர் நகைக் கலைஞராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. சிற்பியாகவோ நெசவு தெரிந்தவராகவோ இருக்கலாம். துறைக்குள்ளேயே தேட, 1997-இல் அமெரிக்காவில் தொடங்கிய ஆர்ட் ஜுவல்லரி ஃபோரம் என்ற அமைப்பும், பார்சிலோனாவிலிருந்து வரும் கிளிம்ட்02 தளமும் உதவும். தினம் ஒரு பேட்டியோ கட்டுரையோ படியுங்கள். யாருடைய வேலை உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறதோ அந்தப் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கணக்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நகைக் கடையில் எடை, சேதாரம், செய்கூலி என்று விலை போடுவது உங்களுக்கு ஒத்துவராது. உதாரணமாக ஒரு ப்ரூச்சுக்குப் பொருள் 2,000 ரூபாய், 12 மணி நேர வேலை மணிக்கு 300 வீதம் 3,600, வாடகை, மின்சாரம், படம் எடுத்த செலவில் அதன் பங்கு 900 என்று வையுங்கள். 6,500 ஆகிறது. இது உங்கள் கைக்கு வரவேண்டிய தொகை. கேலரி வழியாக விற்றால் பெரும்பாலும் பாதி அவர்களுக்குப் போகும், எனவே வெளி விலை 13,000. நேரில் விற்கும்போதும் அதே விலைதான் சொல்ல வேண்டும்; கேலரியில் 13,000, வீட்டில் 7,000 என்றால் எந்தக் கேலரியும் உங்களை மறுபடி அழைக்காது. கொடுத்த நகைக்கு ரசீது, எவ்வளவு நாள் வைத்திருப்பார்கள், விற்றால் எத்தனை நாளில் பணம், உடைந்தால் யார் பொறுப்பு – இவை எழுத்தில் இருக்கட்டும். வெளிநாட்டுக்கு விற்க நினைத்தால் ஏற்றுமதி-இறக்குமதிக் குறியீடு எண் வேண்டும். 500 ரூபாய் கட்டணத்தில் ஆன்லைனிலேயே எடுக்கலாம். மற்றதை அப்பாவின் ஆடிட்டரிடம் கேளுங்கள்.

எம்.ஏ. விஷயம். கடன் வாங்கி இந்த வருஷமே போவதை நான் விரும்பவில்லை. பிறகு போவதானால் ஜெர்மனியைப் பாருங்கள். மூனிக் நுண்கலைக் கழகத்தில் ஒரு பேராசிரியரின் வகுப்பில் வருடக்கணக்காக இருந்து கற்கும் முறை. கூன்ட்ஸ்லியே 1991 முதல் அங்கே பல ஆண்டுகள் கற்பித்தவர். ரத்தினக் கல் வெட்டுவதற்குப் பேர்போன ஈடார்-ஓபர்ஷ்டைனில் கல்லுக்கும் நகைக்கும் என்றே ஒரு முதுநிலைப் படிப்பு இருக்கிறது. இவற்றில் படிப்புக் கட்டணம் பிரிட்டன், அமெரிக்காவை ஒப்பிட்டால் மிகக் குறைவு. ஆனால் ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கான பணத்தை விசாவுக்கு முன்பே வங்கியில் காட்ட வேண்டியிருக்கும். உதவித்தொகைக்கு இன்லாக்ஸ் அறக்கட்டளை, குறுகிய காலம் பிரிட்டன் போக சார்ல்ஸ் வாலஸ் இந்தியா டிரஸ்ட் இரண்டையும் பாருங்கள். வயது வரம்பைக் கவனியுங்கள். ஆறு மாதக் கண்காட்சியை முடித்துவிட்டு விண்ணப்பித்தால் காட்டுவதற்கு உங்களிடம் ஒரு முழுத் தொகுப்பு இருக்கும். அங்கே உங்களை எடுத்துக்கொள்கிறவர்கள் பார்ப்பது அதைத்தான்.

இனி, குறித்துவைத்த பெயருக்கு எப்படி எழுதுவது. "எனக்கு வழிகாட்டியாக இருப்பீர்களா?" என்று கேட்காதீர்கள், முன்பின் தெரியாத ஒருவரிடம் அது பெரிய பாரம். அவருடைய ஒரு குறிப்பிட்ட வேலையில் எது உங்களை நிறுத்தியது என்று இரண்டு வரி. நீங்கள் யார் என்று இரண்டு வரி. பிறகு ஒரே கேள்வி. இப்படி எழுதிப் பாருங்கள்: "கிழிந்த சேலையின் ஜரிகையை வெள்ளிச் சட்டத்துக்குள் வைக்கிறேன். சட்டம் வந்ததும் துணி படம் மாட்டியது போல் அடங்கிப்போகிறது. துணி தன் தளர்ச்சியை இழக்காமல் இருக்க நான் எதை விட்டுக்கொடுக்க வேண்டும்? செப்டம்பரில் கண்காட்சி. அதற்கு முன் மாதம் ஒரு முறை அரை மணி நேரம், மொத்தம் நான்கு முறை பேச முடியுமா? உங்கள் நேரத்துக்கு என்ன தர வேண்டும் என்று சொல்லுங்கள்." எண்ணிக்கையும் முடிவுத் தேதியும் இருந்தால் பிஸியான மனிதரும் சரி என்பார். மறுத்தால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த பெயருக்கு எழுதுங்கள். ஒப்புக்கொண்டால், ஒவ்வொரு பேச்சுக்கும் மூன்று நாள் முன்னால் படங்களை அனுப்பிவிடுங்கள்; பேசி முடித்த அன்றே என்ன பேசினோம், அடுத்து என்ன செய்வேன் என்று அரைப் பக்கம் எழுதி அனுப்புங்கள்.

கடிதத்தோடு ஐந்து படங்களுக்கு மேல் வேண்டாம். மூனிக்கில் 1959 முதல் நடந்துவரும் 'ஷ்முக்' நகைக் கண்காட்சிக்குக்கூட நூற்றுக்கணக்கான விண்ணப்பங்களில் தேர்வு படங்களை வைத்துத்தான். வெறும் பின்னணியில் இரண்டு, ஒருவர் அணிந்திருக்கும்போது இரண்டு. பருத்திச் சேலையில் குத்திய ப்ரூச் எப்படி நிற்கிறது என்று தெரிய வேண்டும். கீழே பொருள், மில்லிமீட்டரில் அளவு, ஆண்டு, படம் எடுத்தவர் பெயர். ஐந்தாவது படம் ப்ரூச்சின் பின்பக்கம். இந்தத் துறையில் இருப்பவர்கள் நகையைக் கையில் வாங்கியதும் திருப்பித்தான் பார்ப்பார்கள். ஊசி நடுவுக்கு மேலே இருக்கிறதா, இல்லை முன்பக்கமாகக் கவிழுமா, கொக்கி துணியைக் கிழிக்குமா என்று பார்த்தே செய்தவரை எடைபோட்டுவிடுவார்கள். உங்கள் பின்பக்கம் இன்னும் அந்த அளவுக்கு வரவில்லை என்றால் கடிதத்தை இரண்டு வாரம் தள்ளிப்போட்டு, அப்பாவிடம் உட்கார்ந்து அந்த ஊசியைச் சரிசெய்துவிட்டுப் படம் எடுங்கள்.