வீனரா, வீனர் ஆர்ட்டா? ஷ்னிட்செல் கேள்வி பதில்

ஜெர்மனியில் ஒரு உணவகத்தின் மெனுவில் ‘வீனர் ஷ்னிட்செல்’, ‘ஷ்னிட்செல் வீனர் ஆர்ட்’ என்று இரண்டு இருந்தன. விலையில் ஏகப்பட்ட வித்தியாசம். தட்டில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரிகின்றனவே? (கோவை வாசகர்)

ஷ்னிட்செல் என்றால் மெலிதாகத் தட்டி, பெரும்பாலும் ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த இறைச்சித் துண்டு. மேலே இருக்கும் ரொட்டித்தூள் ஒன்றுதான், உள்ளே இருக்கும் இறைச்சி வேறு. வெறுமனே ‘வீனர் ஷ்னிட்செல்’ என்று போட்டிருந்தால் அது கன்றுக்குட்டி இறைச்சியாகத்தான் இருக்க வேண்டும் என்பது அங்குள்ள உணவு விதி. ‘வீனர் ஆர்ட்’ என்றால் ‘வியன்னா பாணி’, பெரும்பாலும் பன்றி. கன்று இறைச்சி விலை கூடியது, அதுதான் வித்தியாசத்துக்குக் காரணம். மாடோ பன்றியோ சாப்பிடாதவர்கள் இந்த நான்கு சொற்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: கால்ப் கன்று, ஷ்வைன் பன்றி, பூட்டெ வான்கோழி, ஹேன்ஷென் கோழி. கோழி ஷ்னிட்செல் கேட்டாலும், எந்தக் கொழுப்பில் பொரிக்கிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பன்றிக் கொழுப்பில் பொரிக்கும் சமையலறைகளும் உண்டு.

நல்ல ஷ்னிட்செலை எப்படி அடையாளம் காண்பது? சில இடங்களில் எண்ணெய் சொட்டுகிறது, மேல்தோல் தனியாகக் கழன்று வருகிறது. (மதுரை வாசகி)

மேல்தோல் அப்பளம்போல அலையலையாக எழும்பி, இறைச்சியை விட்டுக் கொஞ்சம் விலகி நிற்க வேண்டும். ஆனால் தொட்டவுடன் உரிந்து விழக் கூடாது.

தொடை இறைச்சியை நாருக்குக் குறுக்கே வெட்டி, பிளாஸ்டிக் தாளுக்கு நடுவே வைத்து, தட்டையான சுத்தியலால் 4 முதல் 5 மி.மீ. கனத்துக்குத் தட்டுவார்கள். (சமையலறையிலிருந்து ‘டொப் டொப்’ சத்தம் கேட்டால் நல்ல சகுனம்.) உப்பு போட்டு, மாவில் புரட்டி, ஒட்டாத மாவை உதறி, அடித்த முட்டையில் தோய்த்து, கடைசியில் ரொட்டித்தூள். தூளைக் கையால் அழுத்தவே கூடாது. அழுத்தினால் இறைச்சியோடு அப்பிக்கொள்ளும், எழும்பாது. மாவு தடித்தால் தோல் கழன்றுவிடும். புரட்டிய கையோடு பொரிக்கவும் வேண்டும். ஊறவிட்டால் இறைச்சியின் ஈரத்தில் தூள் நமுத்துப்போகும்.

கொழுப்பு 170 டிகிரி அளவில், ஷ்னிட்செல் மிதக்கும் ஆழத்துக்கு இருக்க வேண்டும். உருக்கிய வெண்ணெய்க் கொழுப்பு என்றால் மணமே தனி, நம் நெய்க்குப் பக்கத்துச் சொந்தம். சட்டியை ஆட்டிக்கொண்டே இருப்பார்கள். சூடான கொழுப்பு மேலே ஏறி வழிய, உள்ளிருந்து வரும் ஆவி தோலைத் தூக்கும். சூடு குறைந்தால் எண்ணெய் குடிக்கும். உங்கள் தட்டில் சொட்டியது அந்தக் கதைதான்.

எலுமிச்சையை மொத்தமாகப் பிழியாதீர்கள். வெட்டிய துண்டுக்கு மட்டும் பிழியுங்கள், மொறுமொறுப்பு கடைசிவரை நிற்கும்.

யேகர்ஷ்னிட்செல் என்றால் என்ன? (சென்னை வாசகர்)

‘வேட்டைக்காரர் ஷ்னிட்செல்’. காளான் குழம்போடு வரும். பழைய முறையில் ரொட்டித்தூள் கிடையாது. இப்போதோ பல இடங்களில் தூள் போட்டுப் பொரித்து, அதன் தலையிலேயே குழம்பை ஊற்றிவிடுகிறார்கள். ஐந்தே நிமிடத்தில் சதசதத்துவிடும். ‘ஸோஸெ எக்ஸ்ட்ரா, பிட்டெ’ என்றால் குழம்பு தனிக் கிண்ணத்தில் வரும். பழைய கிழக்கு ஜெர்மனிப் பகுதியில் இதே பெயருக்கு வேறு பண்டம்: தடிமனான சாசேஜ் வில்லையை ரொட்டித்தூளில் பொரித்து, தக்காளிக் குழம்பும் நூடுல்ஸும் வைப்பார்கள்.

சைவர்களுக்கு ஏதாவது கிடைக்குமா? (திருச்சி வாசகி)

செலரிக் கிழங்கு ஷ்னிட்செல், பொரித்த காமம்பேர் சீஸ், தெற்கே என்றால் சீஸ் போட்ட ஷ்பெட்ஸ்லெ (முட்டை சேர்த்த நூடுல்ஸ்). முட்டை இல்லாமல் இவை பெரும்பாலும் இருக்காது. மாட்டிக்கொள்வது பக்க உணவில்தான். வறுத்த உருளைக்கிழங்கில் பன்றிக் கொழுப்புத் துண்டுகள் கலப்பது வழக்கம். ‘ஓனெ ஷ்பெக்’ என்று சொல்லுங்கள். தெற்கத்தி உருளைக்கிழங்கு சாலட்டை இறைச்சி சாறு ஊற்றித்தான் பிசைவார்கள். வடக்கே மயோனெய்ஸ்.

உட்காருவது, பில் கொடுப்பது பற்றி? (யாழ்ப்பாண வாசகர்)

‘ஷ்டாம்டிஷ்’ என்ற பலகை உள்ள மேசை வாடிக்கைக்காரர்களுடையது, அங்கே உட்காராதீர்கள். தண்ணீர் என்று கேட்டால் காசுக்கு விற்கும் பாட்டில் வரும், பெரும்பாலும் சோடா ஏறியது. பில்லின்போது சேர்த்தா தனித்தனியா என்று சர்வர் கேட்பார். டிப்ஸை மேசையில் வைத்துவிட்டு வருவது அங்கே வழக்கமில்லை. பில் 36.50 யூரோ என்றால், பணத்தை நீட்டும்போதே ‘நாற்பது’ என்று சொல்லிவிட வேண்டும். கார்டு வாங்காத கிராமத்துக் கடைகள் இன்னும் இருக்கின்றன. வாரத்தில் ஒரு நாளாவது விடுமுறை விடுவார்கள், பல இடங்களில் திங்கள், பார்த்துவிட்டுப் போங்கள்.

மிஞ்சியதைக் கட்டித் தரச் சொல்வதில் கூச்சம் வேண்டாம், ‘ஐன்பாக்கென், பிட்டெ’ போதும். வீட்டில் மைக்ரோவேவில் வைக்காமல், எண்ணெய் விடாத தோசைக்கல்லில் இரண்டு பக்கமும் சூடாக்குங்கள்.