பைக் எஞ்சின் காருக்கு டிரை சம்ப்: கேள்வி பதில்

பெங்களூரில் டிராக் கார் கட்டுகிறவர்களும் கல்லூரி ஃபார்முலா அணிக்காரர்களும் அனுப்பிய கேள்விகள் இவை. சம்ப் என்பது எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டி. டிரை சம்பில் ஆயில் அங்கே தேங்காது, பம்ப் அதை உறிஞ்சித் தனி டேங்குக்கு அனுப்பும், அங்கிருந்து எஞ்சினுக்குத் திரும்பும்.

ஹயபூசா எஞ்சின் பைக்கில் இருந்தவரை ஒரு தொல்லையும் இல்லை. காரில் ஏற்றினால் மட்டும் ஏன் பிக்-எண்ட் பேரிங் (கனெக்டிங் ராடு கிராங்கில் சேரும் இடத்துப் பேரிங்) போகிறது? (ஒயிட்ஃபீல்டு)

பைக் வளைவில் சாய்கிறது. அதனால் ஆயில் எப்போதும் சம்பின் அடித்தட்டை நோக்கியே அழுந்துகிறது. கார் அப்படிச் சாயாது. 1 ஜி பக்கவிசையில் ஆயிலின் மட்டம் 45 டிகிரி சரிந்து ஒரு பக்கச் சுவரில் ஏறி நிற்கும். ஆயிலை உறிஞ்சும் பிக்கப் வாய்க்குக் கிடைப்பது காற்றுதான். 9,000 ஆர்பிஎம்மில் பேரிங்குக்கு அந்தக் காற்று சில நொடி போனாலே போதும். ஆயில் ஃபில்டரை அறுத்து, மடிப்பை விரித்து, வெயிலில் பிடித்துப் பாருங்கள். ஜிகினா தூவினதுபோல மினுங்கினால் பேரிங் ஷெல் தேய ஆரம்பித்துவிட்டது. காந்தத்தில் ஒட்டவில்லை என்று நிம்மதி அடையாதீர்கள், பேரிங் உலோகம் ஒட்டாது.

பேஃபிள் தட்டு போதுமா, அக்யூசம்ப் போடலாமா, நேராக டிரை சம்புக்கே போய்விடலாமா? (ஜெயநகர்)

எல்லாரும் எத்தனை ஜி என்று கேட்கிறார்கள். வளைவு எத்தனை நொடி நீடிக்கிறது என்பதுதான் முக்கியம். பேஃபிள் தட்டு, அதாவது சம்புக்குள் வைக்கும் தடுப்பு, ஆயிலைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான், நிறுத்தாது. கோன் வைத்து ஓட்டும் ஆட்டோகிராஸில் இடதும் வலதும் மாறி மாறி வரும், அங்கே அது போதும். அக்யூசம்ப் என்பது அழுத்தத்தில் ஆயிலைச் சேர்த்து வைக்கும் உருளை. எஞ்சின் நிமிடத்துக்கு 30 லிட்டர் ஆயில் கேட்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், நொடிக்கு அரை லிட்டர். 2 லிட்டர் உருளை 4 நொடியில் காலி. நிஜத்தில் அதுகூட வராது, உள்ளே அழுத்தம் இறங்கிக்கொண்டே போகும். ஸ்லிக் டயரோடு நீள வளைவு உள்ள டிராக்குக்குப் போகிறீர்கள் என்றால் டிரை சம்ப்தான்.

அரை லிட்டர் கூடுதலாக ஊற்றிச் சமாளிப்பவர்களும் உண்டு. கிராங்க் அதைக் கடைந்து நுரையாக்கும், பிரீதர் (எஞ்சின் மூச்சுவிடும் குழாய்) வழியாகத் துப்பும்.

எங்களுடையது ஃபார்முலா ஸ்டூடன்ட் கார், 600 சிசி, செயின் டிரைவ். ஸ்கிட்பேடில் மட்டும் பிரஷர் விழுகிறது அண்ணா. (கல்லூரி அணி)

விழாமல் என்ன செய்யும் தம்பி! எட்டு வடிவப் பாதை அது, வலப்பக்க வட்டத்தில் இரண்டு சுற்று, பிறகு இடப்பக்க வட்டத்தில் இரண்டு. ஒவ்வொரு பக்கமும் பத்து நொடிக்கு மேல் விசை மாறாமல் அழுத்தும். செயின் டிரைவில் கிராங்க் குறுக்கே கிடக்கிறது. பக்கவிசை கிராங்க் நீளவாக்கில் வேலை செய்யும், பைக் வாழ்நாளில் சந்திக்காத திசை அது. ஸ்கேவெஞ்ச் பிக்கப் (சம்பிலிருந்து ஆயிலை உறிஞ்சி எடுக்கும் வாய்) இரண்டும் காரின் இடது ஓரத்தில் ஒன்று, வலது ஓரத்தில் ஒன்று என்று இருக்கட்டும். எஞ்சினை நெடுக்காகத் திருப்பிப் புரொப்பல்லர் ஷாஃப்ட் போட்டிருந்தாலும் இதேதான். எஞ்சின் எப்படித் திரும்பியிருந்தாலும் காரின் இடம், வலம்தான் கணக்கு.

கிட் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

பைக் எஞ்சினுக்கு வரும் பல கிட்களில் உள்ளே இருக்கும் பம்ப்தான் பிரஷருக்கு. வெளிப் பம்ப் சம்பை வறட்டி டேங்குக்கு அனுப்புவதோடு சரி. ஸ்கேவெஞ்ச் கொள்ளளவு பிரஷர் பம்பைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு இருக்கவேண்டும். அது இழுப்பது ஆயிலை மட்டுமல்ல, பாதிக்குப் பாதி காற்றையும்தான். ஒவ்வொரு ஸ்கேவெஞ்ச் வாயிலும் கம்பி வலை வேண்டும். கியர்பாக்ஸ், கிளட்ச் துகள் எல்லாம் அந்த வழியாகத்தான் வருகிறது.

சில கிட்கள் வாட்டர் பம்ப் இருந்த இடத்தில் உட்காரும். அப்போது கூலன்ட்டுக்கு எலெக்ட்ரிக் பம்ப் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கியர்கள் ஆயிலில் முங்கித்தான் நனைகின்றனவா, ஜெட் வழியாக வருகிறதா என்றும் கேளுங்கள். முங்கும் வகையானால், சம்ப் காய்ந்ததும் கியர்பாக்ஸும் காயும்.

டேங்கிலிருந்து வரும் ஆயில் சம்ப் தட்டில் உள்ள குழாய் வழியாகப் பழைய பிக்கப் துளைக்குள் நுழைகிறது. அங்கே ஒரு ஓ-ரிங். அது பிசகினால் ஒரு சொட்டுகூட வெளியே ஒழுகாது, காற்று உள்ளே போகும். பிரஷர் ஆடுகிறது, கசிவு எதுவும் தென்படவில்லை என்றால் முதலில் அந்த ஓ-ரிங்கைப் பாருங்கள்.

டேங்கைப் பீன்யா தொழிற்பேட்டையில் செய்துகொள்ளலாமா?

தாராளமாக. 150 மிமீ விட்டம், 400 மிமீ உயரம் என்றால் சுமார் 7 லிட்டர். மூன்றில் இரண்டு பங்கு ஆயில், மேலே காற்று. குட்டையாக, அகலமாகச் செய்தால் டிரை சம்ப் போட்டதற்கே அர்த்தம் இல்லை, பழைய கதை டேங்குக்குள் நடக்கும். ஆயில் திரும்பும் குழாய் மட்டத்துக்கு மேலே, சுவரை ஒட்டிச் சுழன்று இறங்கும்படி நுழையட்டும். வெளியேறும் வாய் அடியில், நடுவில், பம்பைவிட உயரத்தில். அங்கிருந்து பம்ப்வரை ஏஎன்-12 அளவு ஹோஸ், வெடுக்கென்று ஒடியும் எல்போ வேண்டாம். மேலே பிரீதர், அது வழிந்துவரும் ஆயிலைப் பிடிக்கும் கேட்ச் டேங்குக்கு. டிக் வெல்டிங் முடிந்ததும் உள்ளே நன்றாகக் கழுவுங்கள். வெல்டிங் துணுக்கு ஒன்றே பம்பைக் கீறப் போதும்.

காலையில் பார்த்தால் டேங்கில் ஆயில் பாதிதான் இருக்கிறது. எங்கே போகிறது? (அல்சூர்)

எங்கேயும் போகவில்லை, பம்ப் இடுக்கு வழியாக ராத்திரி முழுக்க சம்புக்கு இறங்கியிருக்கிறது. பழைய வார்ப்பிரும்பு புல்லட்டும் டிரை சம்ப்தான், அதை வைத்திருந்தவர்களுக்கு இந்த வித்தை தெரியும். குறைகிறதே என்று ஊற்றிவிடாதீர்கள். எஞ்சினைச் சூடாக்கி, ஐடிலில் ஓடும்போதே அளவு பாருங்கள்.

கார் ஆயில் ஊற்றலாமா?

கூடாது. கிளட்ச் அதே ஆயிலில்தான் நனைகிறது, வழுக்கும். ஜாஸோ எம்ஏ2 (ஆயிலில் நனையும் கிளட்சுக்கான பைக் ஆயில் தரம்) பார்த்து வாங்குங்கள்.

பவர் கூடுமா?

கொஞ்சம். அதற்காக வாங்காதீர்கள். ஆழமான சம்ப் போய்விடுவதால் எஞ்சினைத் தாழ்த்தி வைக்கலாம், அதுதான் லாபம்.

முதல் ஸ்டார்ட் எப்படி?

பம்புக்குள்ளும் ஹோஸிலும் ஆயிலை நிரப்பிவிட்டு மாட்டுங்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, இக்னிஷனையும் ஃப்யூயல் பம்பையும் துண்டித்து, பத்துப் பத்து நொடியாக ஸ்டார்ட்டரைச் சுழற்றுங்கள். கேஜில் முள் எழும்வரை பிளக் போடக்கூடாது. ஓடத் தொடங்கியதும் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள், ஆயில் திரும்பி வரவேண்டும். அரை நிமிடத்தில் வரவில்லையென்றால் நிறுத்துங்கள். ஸ்கேவெஞ்ச் பம்புக்குள் போகும் ஹோஸும் வெளியே வரும் ஹோஸும் இடம் மாறி மாட்டியிருக்கும், அல்லது பம்ப் தலைகீழாகச் சுற்றுகிறது. பைக்கோடு வந்த ஆயில் விளக்கை நம்பவேண்டாம், அது எரியும்போது பேரிங் போய்விட்டிருக்கும்.