பத்தாவது முடித்த மகனைச் சிங்கப்பூரில் ஓ லெவல் படிக்க அனுப்பலாமா?

காரைக்குடியில் பத்தாவது முடித்த மகனைச் சிங்கப்பூரில் தனியார் ஓ லெவல் வகுப்பில் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முகவர் ஒருவர் உங்கள் வீட்டு முகப்பில் உட்கார்ந்து வண்ணப் புத்தகத்தை விரித்துக் காட்டியிருப்பார் என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டில் 2016 மே மாதம் அப்படித்தான் நடந்தது.

ஓராண்டுப் படிப்பு, பிறகு பாலிடெக்னிக். அது கிடைக்காவிட்டால் ஊருக்குத் திரும்பி நேராக இன்ஜினீயரிங் என்றார். அந்தக் கடைசிப் பேச்சு பொய். ஓ லெவல் இங்கே பத்தாம் வகுப்புக்குச் சமம். பன்னிரண்டாம் வகுப்புக்கு ஈடாகக் கொள்வது அதற்கு அடுத்த ஏ லெவல் தேர்வைத்தான். பத்தாவது தேறிய பிள்ளையை, லட்சக்கணக்கில் கொட்டி, மறுபடியும் பத்தாவது எழுத வைத்திருக்கிறோம்.

2017 கடைசியில் என் மகன் ஓ லெவல் எழுதினான், 2018 ஜனவரியில் முடிவு வந்தது. தேறிவிட்டான், ஆனால் விரும்பிய பாலிடெக்னிக் படிப்புக்கு அந்த மதிப்பெண் போதவில்லை. இங்கே கல்லூரி அலுவலகத்தில் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பிளஸ் டூ பட்டியல் எங்கே?" என்று கேட்டார்கள். வெளியே வந்ததும், "அப்பச்சி, அப்போ நான் இவ்வளவு நாள் படிச்சது?" என்றான். எனக்கு வாய் எழவில்லை. ஜூனில், தன்னைவிட இரண்டு வயது இளைய பிள்ளைகளோடு பிளஸ் ஒன்னில் உட்கார்ந்தான். அந்த வருடம் எங்கள் நகரத்தார் குடும்பங்கள் கூடும் பிள்ளையார் நோன்புக்கு இழை எடுத்துக்கொள்ளக்கூட வீட்டை விட்டு வரவில்லை.

சிங்கப்பூரைப் பழிக்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். என் ஐயா கொண்டுவிற்க, அதாவது வியாபாரம் செய்ய, போன ஊர் அது. அங்கே பாடம் ஒழுங்காகத்தான் நடந்தது. அரசுப் பள்ளிதான் வேண்டுமென்றால் அதற்குத் தனி நுழைவுத் தேர்வு உண்டு. ஆங்கிலமும் கணிதமும் பார்ப்பார்கள், தேறினாலும் இடம் உறுதியில்லை, ஓ லெவல் எழுதும் நான்காம் ஆண்டில் புதிதாகச் சேர்க்க மாட்டார்கள். தனியார் நிறுவனமென்றால் தனியார் கல்வி நிறுவனங்களுக்கு அங்கே தரும் எடுடிரஸ்ட் என்ற தரச் சான்று இருக்கிறதா, கட்டணத்துக்குப் பாதுகாப்புத் திட்டம் இருக்கிறதா என்று கேளுங்கள். மாணவர் அனுமதியில் அங்கே படிக்கிற பிள்ளை பகுதி நேர வேலை பார்த்துச் சம்பாதிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2027 முதல் ஓ லெவல் என்ற பெயரே போய்ப் புதிய சான்றிதழ் வருகிறது; அதையும் உங்கள் முகவர் சொல்லியிருக்க மாட்டார்.

பணத்துக்கு என் பங்கில் இருந்த பர்மாத் தேக்கு அலமாரியையும் எனாமல் அடுக்குகளையும் பழம்பொருள் கடையில் போட்டேன். பங்காளிகள் இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறார்கள். பங்காளிகளுக்குப் பொதுவான எங்கள் வீட்டு வளவில் ஓடு உடைந்து மூன்று மழைக்காலமாக ஒழுகுகிறது, மாற்ற ஒருவரும் பணம் அனுப்பவில்லை. முன்னோர்களுக்குச் செய்யும் படைப்புக்கு மட்டும் சென்னையிலிருந்து கார் கார் ஆக வந்து இறங்கி, அலமாரி இருந்த வெற்றிடத்தைப் பார்த்து உச்சுக்கொட்டுகிறார்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் மகனை இங்கேயே பிளஸ் டூ முடிக்கவிடுவேன். அந்த மதிப்பெண்ணோடு சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்துக்கே நேராக விண்ணப்பிக்கலாம். இல்லை, இப்போதே அனுப்பியாக வேண்டும் என்றால், ஓ லெவலோடு நிற்காமல் ஏ லெவல் வரையோ பாலிடெக்னிக் பட்டயம் வரையோ படிக்கவைக்கப் பணம் இருக்கிறதா என்று இன்று இரவே உங்கள் மனைவி ஆச்சியோடு உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். முகவருக்கு முன்பணம் நாளைக்குக் கொடுக்கலாம்.