ஒட்டுவதா, கோப்பதா?

வாசகர் கேள்வி - பதில்

சிறு வீரர் பொம்மைகளை மேசைமீது நகர்த்தி, பகடை உருட்டி ஆடும் போர் விளையாட்டுகளைப் பற்றி இப்பகுதியில் முன்பு எழுதியபோது, வீரர் பொம்மைகளைப் பற்றித்தான் கடிதங்கள் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தவற்றில் பாதிக்கு மேல் பொம்மைகள் நிற்கும் கட்டடங்களைப் பற்றியவை. தனித்தனிச் சுவர், தளம், தூண், ஏணி என்று பிளாஸ்டிக் சட்டத்தில் வார்த்து வரும் விண்வெளிக்காலக் கட்டடங்களை விளையாடுகிறவர்கள் ‘டெரைன்’ என்றே சொல்கிறார்கள். நாமும் அப்படியே சொல்வோம். வடசென்னையிலிருந்து வந்த கடிதங்களுக்கு மட்டும் இம்முறை பதில் எழுதுகிறேன்.

கேள்வி: மூன்று மாடிக் கோபுரம் ஒன்றைச் சூப்பர் குளூ கொண்டு ஒரே இரவில் ஒட்டி முடித்துவிட்டேன். காலையில் பார்த்தால் மூட்டுகளைச் சுற்றிச் சுண்ணாம்பு தடவியதுபோல் வெள்ளை படர்ந்திருக்கிறது. போதாததற்கு, எத்தனை ஆட்டம் ஆடினாலும் இதே கோபுரம்தானா என்று நண்பர்கள் கேலி செய்கிறார்கள். இதைப் பிரிக்க முடியுமா?
– வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: முடியும். தவறான பசையை எடுத்தீர்கள், அதுவே உங்களைக் காப்பாற்றியிருக்கிறது.

சூப்பர் குளூவில் இருப்பது சயனோஅக்ரிலேட். மற்றப் பசைகளைப்போல அது உலர்ந்து இறுகுவதில்லை. பரப்பிலும் காற்றிலும் இருக்கும் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு இறுகுகிறது. இறுகி முடிப்பதற்குள் அதில் ஒரு பங்கு ஆவியாகி, பக்கத்திலேயே வெள்ளைத் தூளாகப் படிந்துவிடுகிறது. கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் வீட்டில், ஜன்னலைச் சாத்திவிட்டு, தேவைக்கு மேல் பிழிந்து ஒட்டினால் இந்த வெள்ளை வராமல் இருந்தால்தான் வியப்பு. இதனால் மூட்டுக்கு எந்தக் கேடும் இல்லை. மேலே பெயின்ட் ஏறியதும் மறைந்துவிடும்.

இறுகிய சூப்பர் குளூ குளிரில் நொறுங்கும் தன்மை அடைகிறது. எனவே கோபுரத்தைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி, வீட்டில் இருப்பவர்களிடம் சொல்லிவிட்டு, ஃப்ரீசரில் இரண்டு மூன்று மணி நேரம் வையுங்கள். வெளியே எடுத்தவுடன் மூட்டை மெல்ல முறுக்கினால் பெரும்பாலானவை ‘டக்’கென்று விட்டுக்கொடுக்கும். விட்டுக்கொடுக்காததைக் கத்தியால் நெம்பாதீர்கள். மறுபடியும் ஃப்ரீசருக்கு அனுப்புங்கள். பிரிந்த பிறகு ஒட்டியிருக்கும் பசைப் பொருக்கை அரத்தால் தேய்த்துவிடலாம்.

நீங்கள் வாங்கியிருக்க வேண்டியது பிளாஸ்டிக் சிமென்ட். பெயர்தான் சிமென்ட்; உண்மையில் அது பியூட்டனோன், பியூட்டைல் அசிட்டேட் போன்ற கரைப்பான்களால் ஆனது. பாலிஸ்டைரீன் என்னும் பிளாஸ்டிக்கால் வார்த்த சுவரின் விளிம்பில் தொட்டு வைத்தால், இரு விளிம்புகளையும் இளக்கி ஒன்றோடொன்று கலக்கவிட்டுவிட்டுத் தான் ஆவியாகிப் போய்விடும். ஒட்டு வேலை என்பதைவிட வெல்டிங் வேலை என்பதே பொருந்தும். அப்படிச் சேர்ந்த மூட்டை எந்த ஃப்ரீசராலும் பிரிக்க முடியாது. இரு பக்கமும் பாலிஸ்டைரீனாக இருந்தால்தான் அது வேலை செய்யும், ரெசின், எம்.டி.எஃப். பலகை ஆகியவற்றில் பிடிக்காது, பெயின்ட் பூசிய விளிம்பில் சரியாகப் பிடிக்காது. அதன் ஆவி எளிதில் தீப்பற்றக்கூடியது. ஆகவே ஜன்னலைத் திறந்து வைத்து, அடுப்பும் ஊதுவத்தியும் இல்லாத இடத்தில் வேலை செய்ய வேண்டும்.

இனி உங்கள் நண்பர்களின் கேலிக்கு வருகிறேன். கடிதத்தின் முக்கியப் பகுதி அதுதான். கோத்துக் கலைத்து மறுபடி கோக்கும்படி செய்யப்பட்ட பாகத் தொகுப்பில், அதாவது கிட்டில், எதை ஒட்டுவது என்பதைவிட எதை ஒட்டாமல் விடுவது என்பதே பெரிய கேள்வி. 1995-இல் வெளிவந்த ‘நெக்ரோமுண்டா’ விளையாட்டின் பெட்டியில் கட்டடம் கட்டுவதற்கென அட்டைத் தளங்களும், அவற்றைத் தாங்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் தாங்கிகளும்தான் இருந்தன. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் பாதாள நகரம் ஒன்றைப் புதிதாகக் கட்டி, ஆட்டம் முடிந்ததும் பிரித்துப் பெட்டியில் அடுக்குவார்கள். இன்றைய முழுப் பிளாஸ்டிக் கிட்டுகளுக்கும் அந்த எண்ணமே அடிப்படை. கோபுரமாக ஒட்டியவுடன் அந்தக் கிட் கொலுப் பொம்மை ஆகிவிடுகிறது.

நான் கடைப்பிடிக்கும் முறையைச் சொல்கிறேன். முதல் நாள் பசைப் பக்கமே போவதில்லை. பாகங்களை வெட்டி எடுத்து, ரப்பர் பேண்டும் மாஸ்கிங் டேப்பும் கொண்டு மூன்று வெவ்வேறு கட்டடங்களாக நிறுத்திப் பார்ப்பேன். மூன்றிலும் எந்தெந்தப் பாகங்கள் பிரியாமல் ஒன்றாகவே வருகின்றனவோ அவற்றை மட்டும் சிமென்ட் வைத்து ஒட்டுவேன். பெரும்பாலும் அது இரண்டு சுவர் சேர்ந்த ஒரு மூலை, அல்லது கைப்பிடிக் கம்பியோடு கூடிய ஒரு தளம். மூலைக்கும் தளத்துக்கும் இடையிலும், மாடிக்கும் மாடிக்கும் இடையிலும் பசையே கிடையாது. கிட்டோடு வரும் இணைப்பிகளோ சிறு காந்தங்களோ பிடித்துக்கொள்ளும். காந்தம் வைப்பதாக இருந்தால், எல்லா மாடிக்கும் மேற்பக்கத்தில் ஒரே துருவம் வருமாறு ஸ்கெட்ச் பேனாவால் குறித்துவிட்டுப் பொருத்துங்கள். நான் குறிக்காமல் பொருத்திய ஒரு மாடி, இன்றுவரை தனக்குக் கீழுள்ள மாடியை எட்டி உதைத்துக்கொண்டிருக்கிறது.

கேள்வி: எங்கள் வீடு ஒண்டுக்குடித்தனம். பீரோவுக்கு அடியில் இருக்கும் இடம்தான் எனக்கு. எவ்வளவு உயரம் வரை கட்டலாம்?
– வாசகர், காசிமேடு

பதில்: முதலில் பீரோவின் அடியை அளந்துகொள்ளுங்கள் தம்பி, கட்டடத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்த இடைவெளியில் நுழையும் ஓர் அட்டைப்பெட்டியைத் தேடிப் பிடித்து, அந்தப் பெட்டிக்குள் படுக்கை நிலையில் அடங்காத எதையும் ஒட்டுவதில்லை என்று முடிவு செய்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். தட்டையான சுவர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் ஓர் ஊரையே மிட்டாய்ப் பெட்டியில் வைக்கலாம். மூலையாக ஒட்டியவை காற்றைத்தான் அடைத்துக்கொண்டிருக்கும்.

ஆட்டத்தின்போது உயரத்தைத் தீர்மானிப்பது உங்கள் கை. கீழ்த்தளத்தில் நிற்கும் வீரனை எடுக்கக் கை நுழைய வேண்டும். நுழையாவிட்டால் மேல் மாடியைத் தூக்கி வைக்கும்படி இருக்க வேண்டும். நான் முதன்முதலாகக் கட்டிய கோபுரத்தில் கூரையையும் சேர்த்து ஒட்டிவிட்டேன். உள்ளே மாட்டிக்கொண்ட வீரன் ஒருவன் இன்னும் வெளியே வரவில்லை. நடைபாலத்தின் அகலத்தையும் கவனியுங்கள்: பொம்மைகளின் வட்ட அடிப்பீடம் பெரும்பாலும் 25 அல்லது 32 மி.மீ. இருக்கும். பாலம் அதைவிடக் குறுகலாக இருந்தால் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் ஒருவரும் அதில் ஏற முடியாது.

மின்விசிறிக் காற்றில் ஆடினால், அடித்தளத்தின் உட்பக்கத்தில் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் இரும்பு வாஷர் நான்கை ஒட்டுங்கள். அங்கே மட்டும் சூப்பர் குளூ சரியானது.

கேள்வி: பெயின்ட் அடிப்பதற்கு முன் அழகாகப் பொருந்திய இணைப்பிகள், அடித்த பிறகு உள்ளே போக மறுக்கின்றன. வேறு சில இணைப்பிகளோ தொளதொளவென்று கழன்று விழுகின்றன.
– வாசகர், திருவொற்றியூர்

பதில்: இரண்டுக்கும் மருந்து ஒன்றே. பெயின்டுக்கும் கனம் உண்டு. ப்ரைமர், அடிநிறம், மேல்நிறம் என்று மூன்று பூச்சு ஏறினால், இறுக்கமாக வார்க்கப்பட்ட துளையில் முளை நுழையாது. பெயின்ட் அடிக்குமுன் முளைகளிலும் துளைகளிலும் மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள். ஏற்கெனவே அடித்தாயிற்று என்றால் முளையின் நான்கு பக்கமும் கத்தியின் விளிம்பால் சுரண்டினால் போதும். துளைக்குள் கத்தியை விடாதீர்கள். தொளதொளவென்று இருப்பவற்றுக்கு நேர்மாறாக, முளையில் மட்டும் ஒரு பூச்சு பெயின்ட் கொடுத்து முழு நாள் காயவிட்டுக் கோத்துப் பாருங்கள்.

கேள்வி: மொட்டைமாடியில் வைத்து ஸ்ப்ரே ப்ரைமர் அடித்தேன். ஒருமுறை மணல் ஒட்டியதுபோல் சொரசொரவென்று வந்தது; மழைக்காலத்தில் அடித்தபோது பனி மூடியதுபோல் மங்கிவிட்டது.
– வாசகர், எண்ணூர்

பதில்: சொரசொரப்புக்குக் காரணம் வெயிலும் தூரமும். டின்னை எட்டிப் பிடித்தால் துளிகள் காற்றிலேயே உலர்ந்து, தூளாக வந்து விழுகின்றன. 20 முதல் 30 செ.மீ. தூரத்தில் பிடித்து, கையை நிறுத்தாமல் வீசி வீசி அடிக்க வேண்டும். மங்கலுக்குக் காரணம் ஈரம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை டின்னைத் தொடாமல் இருப்பதே நல்லது. அவசரமென்றால் தூரிகையால் பூசும் ப்ரைமரை வீட்டுக்குள்ளேயே பூசிக்கொள்ளலாம். மற்ற மாதங்களில், விடியற்கால ஈரம் விலகிய பிறகு, கடற்காற்று எழும்புவதற்கு முன் கிடைக்கும் முற்பகல் நேரத்தைப் பயன்படுத்துங்கள். கடற்காற்று எழும்பிவிட்டால் ஈரத்தோடு மணலும் பறந்து வரும்.

புது டின் எதுவானாலும் முதலில் வெட்டி எறியும் சட்டத்தின்மீது அடித்துச் சோதித்துப் பாருங்கள். அக்கம்பக்கத்தில் தெர்மாகோல் துண்டு எதையும் வைக்காதீர்கள். ஸ்ப்ரேயில் இருக்கும் கரைப்பான் அதைத் தின்றுவிடும். அடித்த பாகங்களைக் கத்திரி வெயிலில் சாத்திய காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள். நான் விட்டேன்; நீண்ட நடைபாலம் வாழை மட்டையைப்போல் வளைந்துவிட்டது. சூடான நீரில் சற்று நேரம் அமிழ்த்தி, மேசைமீது சமமாக அழுத்திப் பிடித்து, உடனே குளிர்ந்த நீரில் விட்டதும் ஓரளவு நேரானது.

கேள்வி: துறைமுகம்போல் ஒரு களம் அமைக்க விரும்புகிறேன். கன்டெய்னர் எந்த அளவில் இருக்க வேண்டும்? துருவை எப்படிக் காட்டுவது?
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: உங்கள் ஊரில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்டது எனக்கு மகிழ்ச்சி. 20 அடிக் கன்டெய்னரின் நீளம் 6.06 மீட்டர், அகலம் 2.44 மீட்டர், உயரம் 2.59 மீட்டர். 28 மி.மீ. உயரப் பொம்மைகளை ஏறத்தாழ 1:56 என்ற விகிதத்தில் எடுத்துக்கொண்டால், உங்கள் கன்டெய்னர் 108 மி.மீ. நீளமும் 44 மி.மீ. அகலமும் 46 மி.மீ. உயரமும் இருந்தால் சரியாக இருக்கும்.

துருவைப் பற்றி எந்த வீடியோவும் சொல்லித் தராததை எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசை கட்டி நிற்கும் லாரிகள் சொல்லித் தரும். அடுத்த முறை ஒரு கன்டெய்னருக்குப் பக்கத்தில் மாட்டிக்கொண்டால் ஹாரனை அடிக்காமல் பாருங்கள். சுவரின் நடுவில் துரு அதிகம் இருக்காது. தூக்கி இறக்கும்போது இடிபடும் எட்டு மூலைகளிலும், கதவின் கீல்களிலும், தண்ணீர் தேங்கும் கீழ் விளிம்பிலும்தான் பெயின்ட் முதலில் உரிகிறது. அங்கே கருப்பட்டி நிறத்தில் ஒரு திட்டு, அதன் நடுவே காவி, அதிலிருந்து மழைநீர் இழுத்துக்கொண்டு போன வெளிறிய கோடு ஒன்று நேர் கீழாக. களத்துக் கட்டடத்திலும் அந்த வரிசையிலேயே போங்கள்: பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சைச் சிறிதாகப் பிய்த்து, கரும்பழுப்பு நிறத்தைத் தொட்டு, காகிதத்தில் ஒற்றி எடுத்துவிட்டு, விளிம்புகளில் மட்டும் தட்டுங்கள், அதற்குள் அதைவிடக் குறைவாக ஆரஞ்சு, கடைசியாக, நீர்த்த பழுப்பில் மெல்லிய தூரிகையால் கீழ்நோக்கி ஓர் இழுப்பு. எல்லா இடத்திலும் ஆரஞ்சை அப்பினால் துருவாகத் தெரியாது, கேசரியாகத் தெரியும்.

கேள்வி: பாகங்களை வெட்டி எடுத்த பிறகு மிஞ்சும் சட்டத்தைக் குப்பையில்தான் போட வேண்டுமா?
– வாசகர், வியாசர்பாடி

பதில்: போடாதீர்கள். பொடிப்பொடியாக நறுக்கி, தீரப்போகும் பிளாஸ்டிக் சிமென்ட் பாட்டிலில் போட்டு ஓரிரவு ஊறவிட்டால் கூழாகிவிடும். சுவர் மூட்டுகளில் தெரியும் விரிசலை அடைக்க அதைவிட நல்லது எதுவும் இல்லை, ஏனென்றால் அதுவும் அதே பிளாஸ்டிக்தான். காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்துக்கொள்ளலாம். நறுக்காத நீள் துண்டுகள் குழாய்களாகவும் இடிபாடுகளாகவும் களத்தில் கிடக்கட்டும்.

கேள்வி: விளையாட்டு மேசை வாங்க வசதியில்லை. வீட்டில் கேரம் போர்டு இருக்கிறது. அதில் ஆட முடியுமா?
– வாசகர், ராயபுரம்

பதில்: தாராளமாக ஆடலாம். முழுப் போட்டி அளவிலான கேரம் போர்டின் ஆடுபரப்பு 74 செ.மீ. சதுரம், அதாவது ஏறக்குறைய 29 அங்குலம். மேன்டிக் நிறுவனம் 2013-இல் வெளியிட்ட ‘டெட்ஸோன்’ போன்ற சிறு படை விளையாட்டு, 3 அங்குலக் கட்டங்கள் எட்டுக்கு எட்டு என்று மொத்தம் 24 அங்குலச் சதுரத்தில் ஆடப்படுவது. போர்டுக்குள் அதை வைத்தாலும் நான்கு பக்கமும் இரண்டரை அங்குலம் மிஞ்சும். பகடையை உருட்டவும், அடிபட்ட வீரர்களைக் கிடத்தவும் அந்த இடம் போதும். சட்டம் சுற்றிலும் இருப்பதால் பகடை கட்டிலுக்கு அடியில் ஓடாது. ஆனால் பாக்கெட்டில் விழுந்தால் மறுபடி உருட்ட வேண்டும் என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஆடுவதற்கு முன் போரிக் பவுடரை உலர்ந்த துணியால் சுத்தமாகத் துடைத்துவிடுங்கள். துடைக்காமல் ஆடினால், மூன்று மாடிக் கட்டடமும் ஸ்ட்ரைக்கர்போல் வழுக்கிக்கொண்டு போகும்.